கம்பியில் இரண்டு கோடுகள்

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக அசையாமல் நின்ற அம்பாசிடரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். 1977ஆம் வருடத்து மார்க் 3. கொட்டகைக் கதவைத் திறந்ததும் எலிப்புழுக்கையும் பழைய ரெக்ஸின் சீட்டும் கலந்த வாடை. பானெட்டைத் தூக்கி, முதல் வேலையாக ஆயில் கம்பியை உருவினேன். கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கவேண்டும். இதில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம் ஏறியிருந்தது.

நின்ற வண்டியில் ஆயில் குறைந்திருந்தால் நான் பதற மாட்டேன். எங்கோ சொட்டியிருக்கும், தரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடியிருந்தால்தான் கவலை. ஆயில் தானாகப் பெருகாது. ஒன்று, ஹெட் கேஸ்கட் வழியாகவோ மூடி வழியாகவோ தண்ணீர் இறங்கியிருக்கவேண்டும். இல்லை, பெட்ரோல் இறங்கியிருக்கவேண்டும். கம்பியை மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடை இல்லை. விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் வழுவழுப்பு இருந்தது, ஆனால் கம்பியின் அடிநுனியில் மட்டும் மோர் தெளித்தாற்போல் வெளுப்பு.

"அவுக ஓட்டின வண்டி தம்பி" என்றார் வீட்டு ஆச்சி, வாசல் படியில் நின்றபடியே. "ஐப்பசியில மகனுக்கு அறுபது, சாந்திக் கல்யாணம். கோயிலுக்கு அப்பா வண்டியிலதான் போவேங்கிறான். ஓடுமா?"

"ஓடும் ஆச்சி. ஆனா இன்னைக்கு யாரும் சாவி போட்டுப் பார்க்கக் கூடாது."

வீட்டுக்குக் காவல் இருக்கும் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். கம்பியையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவுக கடைசியா மெட்ராசுக்குப் போறப்ப, வண்டிக்கு ஆயிலு பார்த்துக்கன்னு சொல்லிட்டுப் போனாக. வருசா வருசம் பொங்கலுக்கு முந்திக் கால் லிட்டர் வாங்கி ஊத்திருவேன் தம்பி. ஒரு வருசமும் தவறல."

என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சொன்னவர் இறந்து எத்தனையோ நாளாயிற்று. இவர் தன் கைக்காசில் வருடாவருடம் வாங்கி ஊற்றியிருக்கிறார். ஆயிலைப் பார்ப்பது என்றால் என்ன என்று யாரும் அவருக்குக் கம்பியை உருவிக் காட்டவில்லை. தப்பு அவருடையதல்ல.

கூடுதல் ஆயில்தானே, நல்லதுதானே என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. கிராங்க் சுற்றும்போது அதன் கைகள் ஆயில் மட்டத்துக்கு மேலே சுற்றவேண்டும். மட்டம் ஏறினால் கிராங்க் ஆயிலைத் தயிர் கடைவதுபோல் கடையும். நுரைத்த ஆயிலில் பாதி காற்று. பம்ப் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் பேரிங்குக்கு அனுப்பும். அம்பாசிடரில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த 1489 சிசி என்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டியிருக்கும் திருகுபோன்ற வரி, சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் தடுப்பு. நிற்கும் வண்டியில் அந்த வரிக்கு வேலையில்லை. மட்டம் ஏறினால் ஆயில் அந்த வழியாகக் கிளட்ச் பக்கம் நழுவும். பெரியவர் ஊற்றியதில் ஒரு பங்கு அப்படித்தான் கொட்டகைத் தரையில் கறுத்த வட்டமாகக் கிடந்தது.

இந்த என்ஜினை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காருக்குப் போட்ட பி.எம்.சி. பி-சீரிஸ் என்ஜின் இது. எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் இதே 1489 சிசி அளவுதான் இருந்தது. அந்த மாரிஸ்தான் 1958இலிருந்து வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடராக வந்தது, 2014 வரைக்கும். கலெக்டருக்கும் அதுதான், கல்யாண ஊர்வலத்துக்கும் அதுதான், மதுரை டாக்ஸி ஸ்டாண்டுக்கும் அதுதான். நான் தொழில் கற்றதே அதன் அடியில் படுத்துத்தான்.

வண்டியை டிராலியில் ஏற்றிக் காரைக்குடியிலுள்ள என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். ஓடுகிற வண்டிக்கு ஆயில் மாற்றுவதென்றால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சூட்டோடு வடிக்கவேண்டும். சூட்டில் ஆயில் இளகியிருக்கும், அழுக்கு அதில் மிதந்துகொண்டிருக்கும், எல்லாம் சேர்ந்து வெளியேறும். ஆறிய ஆயிலை வடித்தால் ஆயில் மட்டும் வரும், அழுக்கு அடியில் தங்கிவிடும். எல்லாப் பையன்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு இந்தப் பாடம் நேர் எதிர். ஸ்டார்ட் செய்யவே கூடாது. அடியில் தங்கிய தண்ணீரையும் வண்டலையும் பம்ப் உறிஞ்சி எல்லா பேரிங்குக்கும் பந்தி வைத்துவிடும். ஒரு இரவு ஆட்டாமல் நிறுத்தி, அப்படியே வடிக்கவேண்டும்.

மறுநாள் காலை டிரெயின் நட்டை அரைச்சுற்று மட்டும் தளர்த்தினேன். முழுதாகக் கழற்றவில்லை. முதலில் ஒழுகியது ஆயில் அல்ல, துருநிறத் தண்ணீர். ஒரு தம்ளர் அளவு இருக்கும். எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தங்கும் என்பது சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. தண்ணீர் நின்று, ஆயில் வரத் தொடங்கியதும் பாத்திரத்தை மாற்றினேன். நாலு லிட்டர் சொச்சம் கொள்ளும் சம்ப்பிலிருந்து, அதாவது என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியிலிருந்து, ஆறு லிட்டருக்கு மேல் வந்தது. மேலாக வந்த ஆயிலில் ஒரு சொட்டு எடுத்துச் சூடான பழைய தோசைக்கல்லில் விட்டேன். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும். சத்தமில்லாமல் புகைந்தது. அப்பாடா என்றிருந்தது. தண்ணீர் அடியில்தான் தங்கியிருக்கிறது, ஆயிலோடு கலக்கவில்லை. ரேடியேட்டர் மட்டமும் பெரிதாக இறங்கியிருக்கவில்லை. ஒன்பது மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே வியர்த்து வியர்த்துச் சேர்ந்த தண்ணீர் அது.

இந்த இடத்தில் நிறையப் பேர் வேலையை முடித்துவிடுவார்கள். நட்டை மாட்டி, ஃபில்டரை மாற்றி, புது ஆயிலை ஊற்றி, பில் போட்டுவிடுவார்கள். சம்ப்பை இறக்காமல் பழைய வண்டிக்கு ஆயில் மாற்றுவது பாதி வேலை என்று நான் சொல்வேன். கை மாறி வந்த வண்டி, நின்று கிடந்த வண்டி, இதற்கு முன்னால் யார் பார்த்தார்கள் என்று தெரியாத வண்டி எதுவானாலும் முதல் முறை சம்ப்பை இறக்கியே ஆகவேண்டும். கூலியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று சொல்கிறேன்.

1986. மதுரையில் ஒரு ஷெட்டில் வேலை. எனக்குப் பத்தொன்பது வயது. மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒரு டாக்ஸிக்காரர் அப்போதுதான் செகண்டில் வாங்கிய அம்பாசிடரைக் கொண்டுவந்து, "ஆயில் மாத்திக் குடு தம்பி, நாளைக்கு மலைக்கு சவாரி இருக்கு" என்றார். வடித்தேன். கரி கரைத்த பாகுபோல் வந்தது. உள்ளே சுத்தம் செய்கிறேன் என்று இரண்டு லிட்டர் டீசலை ஊற்றி, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட்டினேன். ஷெட்டுகளில் அப்போது அது வழக்கம், இன்றைக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. எவ்வளவு அழுக்கு போயிற்று என்று எனக்குப் பெருமை. புது ஆயில் ஊற்றினேன். கம்பியில் தேன்போல நின்றது. அவருக்கும் சந்தோஷம்.

மறுநாள் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது ஆயில் விளக்கு மினுங்கியிருக்கிறது. அவர் கவனித்து நிறுத்துவதற்குள் தட்டுகிற சத்தம் வந்துவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து சம்ப்பை இறக்கியபோதுதான் நான் செய்தது என்னவென்று தெரிந்தது. வருடக்கணக்கில் சுவரிலும் மூலையிலும் ஒட்டிக்கிடந்த வண்டலை டீசல் இளக்கிவிட்டிருக்கிறது. இளகியதில் கொஞ்சம்தான் வெளியே வந்தது. மிச்சம் ஏடு ஏடாக உரிந்து, பம்ப் உறிஞ்சும் வாயிலிருக்கும் சல்லடையில் அப்பளம்போல அப்பிக்கொண்டது. சம்ப் நிறைய நல்ல ஆயில் இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. பிக் எண்டு பேரிங் இரண்டு போய்விட்டன. கிராங்கை லேத்தில் கொடுத்து கிரைண்டிங் செய்து, அளவு குறைந்த பேரிங் போட்டு ஓட்டப் பன்னிரண்டு நாளாயிற்று. பன்னிரண்டு நாளும் அந்த மனிதர் வருமானமில்லாமல் ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஸ்திரியும் திட்டவில்லை. அந்தச் சல்லடையை என் கையில் கொடுத்து, மண்ணெண்ணெயும் ஊசியும் கொடுத்து, "ஒவ்வொரு கண்ணா எடு" என்றார். சாயங்காலம்வரை எடுத்தேன்.

அதிலிருந்து டீசல், மண்ணெண்ணெய் எதையும் என்ஜினுக்குள் ஊற்றியதில்லை. அவை ஆயிலின் வேலையைச் செய்யாது, முழுவதும் வடியவும் வடியாது. சந்துபொந்துகளில் தங்கி, புதிதாக ஊற்றும் ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடும்.

பள்ளத்தூர் வண்டியின் சம்ப்பை இறக்கினோம். கார்க் பேக்கிங் காய்ந்து பிஸ்கட்டாக நொறுங்கியது. அடியில் ஒரு விரற்கடைக்கு வண்டல், கறுப்பு அல்வாவைப்போல. கரண்டியால் வழித்து வெள்ளை பீங்கான் தட்டில் பரப்பி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். இதைச் செய்யும்போது யாரும் என்னோடு பேசக்கூடாது என்பது பையன்களுக்குத் தெரியும். முதலில் காந்தத்தை மேலே நகர்த்தவேண்டும். ஒட்டுவது இரும்பு. செயினோ டேப்பட்டோ கேமோ தேய்கிறது என்று அர்த்தம். ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறத்தில் மினுங்கினால் மேல்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது, அதற்குமேல் தள்ளிப்போட முடியாது. இதில் காந்தத்தில் மீசை மயிர் அளவுக்கு இரும்புத் தூள். வெள்ளிப்பொடி அங்கொன்றும் இங்கொன்றும். செம்பு இல்லை. ஆச்சியின் வீட்டுக்காரர் வண்டியைப் பக்குவமாக ஓட்டியிருக்கிறார் என்று அந்தத் தட்டிலேயே தெரிந்தது.

ஆனாலும் ஒரு பிக் எண்டு மூடியைத் திறந்து பார்த்தேன். நகத்துக்குத் தட்டாத கோடுகள்தான். மூடிவிட்டேன். சல்லடையைக் கழற்றி, நானே உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அந்த வேலையை மட்டும் இன்றுவரை பையன்களிடம் கொடுப்பதில்லை. பம்ப்பையும் கழற்றி, உள்ளே பெட்ரோலியம் ஜெல்லியை அடைத்து மாட்டினோம். வருடக்கணக்கில் காய்ந்த பம்ப் முதல் சுற்றில் ஆயிலைப் பிடிக்காமல் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். ஜெல்லி இருந்தால் பிடிப்பு கிடைத்து உறிஞ்சத் தொடங்கும், பிறகு ஆயிலில் கரைந்துவிடும்.

சம்ப்பின் விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு யாரோ ஒழுகாமல் இருக்கட்டும் என்று போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு போல்ட் துளையும் குழிந்து, விளிம்பு அலை அலையாக இருந்தது. அப்படியே புது பேக்கிங் வைத்தாலும் ஒழுகத்தான் செய்யும். மரக்கட்டைமேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியால் ஒவ்வொரு துளையாகத் தட்டிச் சமமாக்கினோம். கார்க்கை நசுக்க வேண்டியதில்லை, உட்காரவைத்தால் போதும்.

டிரெயின் நட்டின் செம்பு வாஷரை நான் சுலபத்தில் தூக்கிப் போடுவதில்லை. ஒருமுறை இறுக்கினால் செம்பு கெட்டிப்பட்டுவிடும், அடுத்தமுறை சரியாகப் படியாது. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். இரும்பென்றால் இப்படிச் செய்ய முறுக்கேறும், செம்பு அதற்கு மாறாக மெத்தென்றாகும். பாத்திரம் அடிப்பவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த சங்கதி. ஷெட்டில் புதிதாகச் சேரும் பையனுக்கு இதைச் செய்துகாட்டும்போது அவன் முகம் விரிவதைப் பார்க்கவேண்டும்.

ஃபில்டரில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த வண்டியில் இப்போதைய கார்களைப்போல டப்பாவோடு திருகிக் கழற்றும் ஃபில்டர் இல்லை. கிண்ணம், நடுவில் நீள போல்ட், உள்ளே காகித எலிமென்ட். கிண்ணத்தின் வாய் போய் உட்காரும் காடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கறுத்து, இறுகி, இரும்போடு இரும்பாகத் தெரியும். அதை எடுக்காமல் மேலேயே புது வளையத்தை வைப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மொத்தமும் அந்த வழியாகப் பீச்சியடிக்கும். இதில் பழைய வளையங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கோணி ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தேன்.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. விலை அதிகமான, தண்ணீர்போல் மெல்லிய புதுவகை ஆயில்தான் நல்லது என்று வாங்கிவருகிறார்கள். இந்த என்ஜின் அதற்கானதல்ல. பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே இருக்கும் சந்து, இந்த வெயில் இரண்டையும் பார்த்தால் 20டபிள்யூ-40 சரி. கொஞ்சம் தேய்ந்த என்ஜினுக்கு 20டபிள்யூ-50. அந்த எண்களைவிடப் பெரிய விஷயம் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது. கேமின் முட்டு, டேப்பட்டின் தட்டையான முகத்தில் உரசிக்கொண்டேதான் ஏறி இறங்கும். புது என்ஜின்கள் பலவற்றில் இருப்பதுபோல உருளை கிடையாது. ஒரு புள்ளியில் அத்தனை பாரமும் விழும்போது உலோகத்தைக் காப்பாற்றுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து. அந்தப் பாஸ்பரஸ் இப்போதைய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் கெடுக்கும் என்பதால் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004 வாக்கில் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பத்து லட்சத்தில் 800 பங்குக்கு மேல் பாஸ்பரஸ் கூடாது என்றாயிற்று. கெட்டியான 20டபிள்யூ-50க்கு அந்தத் தடை இல்லை. மெல்லிய ஆயில் இந்த வண்டிக்கு ஆகாது என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

எண்ணெய் என்றால் இந்த ஊருக்கு முதலில் விளக்கெண்ணெய்தான். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த மையைத்தான் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டார்கள், என் தாத்தா கையால் போட்டு நான் பார்த்திருக்கிறேன். காஸ்ட்ரால் என்ற ஆயிலின் பெயரே இந்த விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்த அச்சு மை ஞாபகம்தான் வந்தது.

கம்பெனி எதுவானாலும் டப்பாவின் மூடி வளையத்தைப் பார்த்துத்தான் வாங்குவேன். காலி டப்பாக்களைப் பொறுக்கி வாங்கிப் பழைய ஆயிலை வடிகட்டி அடைத்து விற்கிற கூட்டம் இருக்கிறது. என் ஷெட்டிலிருந்து எந்தக் காலி டப்பாவும் துளை போடாமல் வெளியே போனதில்லை.

பள்ளத்தூர் வண்டிக்கு முதலில் ஊற்றியது விலை குறைந்த 15டபிள்யூ-40 டீசல் என்ஜின் ஆயில். அழுக்கைக் கரைத்துச் சுமக்கும் மருந்து அதில் தாராளம். அது நிற்கப்போவது அரைமணி நேரம்தான். பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் ஒரு மூடி ஆயில் விட்டு முந்தின இரவே ஊறவைத்திருந்தோம். ராக்கர் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுப் பையன் கையால் சுற்றினான். சுற்றச் சுற்ற நான் ராக்கர் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பையன்கள் ஆள் மாறினார்கள். ஒரு கட்டத்தில் முதல் ராக்கரின் அடியில் ஒரு பளபளப்பு. பிறகு ஒரு துளி. பிறகு வரிசையாக எல்லாவற்றிலும் கசிந்து வழிந்தது. ஒன்பது வருடம் கழித்து ஆயில் மேலே ஏறிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பார்க்கிறேன், அந்த முதல் துளி வரும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

பிறகுதான் பிளக்கை மாட்டிச் சாவி போட்டோம். ஆயில் விளக்கை நம்பாமல் என் மீட்டரை மாட்டியிருந்தேன். ஸ்டார்ட் ஆனதும் 60 பவுண்டு. சூடேறிய பிறகு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 50க்குக் கீழே இறங்கவில்லை, ஐடிலில் 20. ஐடிலில் 15க்குக் குறைந்திருந்தால் மறுபடி சம்ப்பை இறக்கியிருப்பேன். அரைமணி ஓட்டிச் சூட்டோடு வடித்தோம், கறுப்பாக வந்தது. எலிமென்ட்டையும் மாற்றி 20டபிள்யூ-40 ஊற்றினோம். 500 கிலோமீட்டரில் மூன்றாவது தடவை.

வெளிநாட்டிலிருந்த மகன் போனில், "ஒரு ஆயில் மாத்த மூணு தடவை ஆயிலா?" என்று கேட்டார். "முதல் தடவை கழுவ, ரெண்டாவது தடவை பார்க்க, மூணாவதுதான் ஓட்ட" என்றேன். சரி என்றுவிட்டார்.

வடித்த பழைய ஆயிலை ஒருகாலத்தில் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப்போவார்கள், கரையானுக்கு என்று பந்தல்காலில் தடவுவார்கள், மிச்சத்தை ஷெட்டின் பின்னால் கொட்டுவோம். என் பழைய ஷெட்டின் பின்னால் இன்றைக்கும் புல் முளைக்காத ஒரு இடம் உண்டு. இப்போது பேரலில் சேர்த்து, சுத்திகரிக்க உரிமம் வைத்திருப்பவர்களுக்குத்தான் கொடுக்கிறேன். பையன்களைக் கையுறை போடாமல் தொடவிடுவதில்லை. பழைய ஆயிலில் தோல் புற்றுநோய் வரவழைக்கும் சேர்மங்கள் உண்டு. எங்கள் காலத்தில் நாங்கள் முழங்கைவரை நனைத்துவிட்டு, பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம். என் விரலிடுக்கில் தோல் வெடிப்பது இருபது வருடமாக ஆறவில்லை.

சாந்திக் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். ஆச்சி சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியவர் பானெட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கம்பியை உருவி அவர் கையில் கொடுத்தேன். முதல் தடவை உருவுவது கணக்கில்லை, துடைத்துவிட்டு மறுபடி முழுசாகச் சொருகி எடுக்கவேண்டும், வண்டி சமதரையில் நிற்கவேண்டும், ஓடி நின்ற உடனே பார்க்கக்கூடாது என்று சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்பியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் துண்டில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. சொருகி எடுத்து, கண்ணுக்கு அருகே பிடித்து, கட்டைவிரல் நகத்தை ஆயில் நின்ற இடத்தில் வைத்தார்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது தம்பி."

"நின்னா?"

"ஒண்ணும் ஊத்த வேணாம்" என்று சொல்லிக் கம்பியை மெதுவாகச் சொருகினார்.